பஸ் நீள மீன்

நேற்றுக் காலை நான் பஸ் நீளத்துக்கு ஒரு மீன் பிடித்தேன், அதுவும் வெறும் துண்டை வீசி. இதைத்தான் தணிகாசலத்திடம் சொன்னேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே, "சரி" என்றான்.

அந்தச் சரிதான் அவன் நோய். நான் டிரைவர், அவன் கண்டக்டர். சர்வீஸ் முழுக்க என் புளுகு ஒன்றையும் அவன் சும்மா விட்டதில்லை. டிக்கெட் எடுக்காத ஆளைப் போலப் பிடித்து நடுவழியில் இறக்கிவிடுவான். மனச்சோர்வு வந்து படுத்ததிலிருந்து எதை அவிழ்த்துவிட்டாலும் ஒரே பதில். கடல் வற்றிவிட்டது என்றேன், சரி. யானைக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தேன் என்றேன், அதற்கும் சரி. நானும் விடாமல் தினமும் போய்ப் பொய்யைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன்.

மீனைப் புளியமரத்தில் கட்டிப்போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"எந்த பஸ்ஸுடா? டவுன் பஸ்ஸா, மினி பஸ்ஸா?"

அடுக்களைக்கு ஓடினேன். "மங்களம், உன் புருஷன் என்னைக் கேள்வி கேட்டாம்மா!"

அவள் குழம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரெல்லாம் புளுகுங்கண்ணே. இதுல மட்டும் வேண்டாம்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் சத்தியத்தை யார் மதிப்பார்கள்? அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அறையிலிருந்து மெல்ல வந்தது அவன் குரல்.

"மீனு பொய்தான், மங்களம். நான் கேட்டது நிஜம்."