பஞ்சுக்கு மார்க் இல்லை

“உண்மையான ஸ்னோ எப்படி விழும்னு இந்த நெய்வேலியிலேயே தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்” என்றார் செபாஸ்டின். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கத் துணியவில்லை. அவர்தான் இந்த வருடக் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு நடுவர்.

போன ஜனவரியில் மகன் சைமன்ராஜிடம் ஐரோப்பாவின் பிராக் நகரத்துக்குப் போய், பனிக்காலத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். குடிலுக்கு மார்க் போட இதைவிடப் பெரிய தகுதி வேண்டாம் என்று குவார்ட்டர்ஸ் பிளாக்கே ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

டிசம்பர் வெயிலில் முழங்கால் வரை பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார். மனைவி ரெஜினா இறந்த பிறகு அவர் குவார்ட்டர்ஸில் குடிலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அதனாலோ என்னவோ, ஒரு குடிலைப் பார்த்து முடிக்க அவருக்கு இரண்டு காபி தேவைப்பட்டது.

கடைசி வீடு ஜெயசெல்வியுடையது. வருஷா வருஷம் இரண்டாம் பரிசு வாங்கிச் சலித்தவள். இந்த முறை விடுவதில்லை என்று, கணவன் ஆனந்த்ராஜின் தலையணையைக் கிழித்துக் குடிலின் கூரை முழுக்க இலவம்பஞ்சு தூவியிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆனந்த்ராஜ், உள்ளே கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

செபாஸ்டின் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். உள்பக்கம் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. அந்த ஊர்ப் பனியில் ஈரமே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டாள் ஜெயசெல்வி.

“இன்னாம்மா இது?”

“ஸ்னோங்கண்ணே.”

“இது பஞ்சு. ஸ்னோவைக் கண்ணால பாக்காதவங்க பண்ற வேலை. பிராக்ல அறுநூறு வருஷத்துக் கோபுரம் இருக்கு, அதுமேல விழும் பாரு, சத்தமே இருக்காது. கீழ ஜனங்க எறும்பு மாதிரி குடை புடிச்சிக்கினு போவாங்க.”

“தொட்டா எப்படிங்கண்ணே இருக்கும்?”

“சொன்னா புரியாதும்மா.”

“நடந்தா வழுக்குமோ?”

“வழுக்கி வுழுந்தா இந்த வயசுல எலும்பு சேராதுன்னு சைமன் சொல்லிக்கினே இருப்பான்.” குடில் பக்கம் திரும்பினார். “பஞ்சை எடுத்துடு. பஞ்சு இருந்தா பரிசு இல்ல.”

ஜெயசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு பஞ்சையெல்லாம் முறத்தில் வாரினாள். பஞ்சு போனதும் பெத்லகேம், பக்கத்து ஊர் காடாம்புலியூர் மாட்டுக்கொட்டகையாகிவிட்டது. அவள் இரண்டாவது காபி போட உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது நடுவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முறத்திலிருந்து பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி, கையை உயரத் தூக்கிக் கூரைமேல் விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கையைக் கீழே நீட்டி, விழுந்ததை ஏந்தி, மூடி, மெதுவாகத் திறந்து பார்த்தார்.

“ஐயோ அண்ணே, பஞ்சு இருந்தா பரிசு இல்லன்னீங்களே!”

“இருக்கட்டும்மா. மொத பரிசு உனக்குத்தான்.”

“அப்ப நிஜ ஸ்னோவும் இப்படித்தான் மெத்துனு இருக்குமாங்கண்ணே?”

அவர் திரும்பவில்லை.

“தெரியலம்மா. சைமன் கதவை வெளிய பூட்டிக்கினு வேலைக்குப் போயிடுவான்.”