பன்னிரண்டு நம்பர்

நாலு மணிக்கு சூப்பர்வைசர் வந்துவிடுவார். இப்போதே மணி மூன்றேகால். மேல்சித்தாமூர் பெண்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தியைக்கூடக் காணோம்.

பச்சைக் குடையின் கீழே ஜெயசுதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ரோட்டோரம் ஒரு குடை, ஒரு மேஜை, ஒரு கைரேகை மெஷின். எல்லாம் கம்பெனி கொடுத்தது. சிம் கார்டு விற்கிற வேலை.

விற்கிற வேலை என்று பெயர்தான். புதிதாக நம்பர் வாங்க இந்த ஊரில் யார் மிச்சம்? ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த கம்பெனியின் ஆளை அவருடைய பழைய நம்பரோடு இந்தப் பக்கம் இழுத்துவர வேண்டும். அதற்குத்தான் இப்போது சம்பளம்.

மாதம் நாற்பது பேரை இழுக்க வேண்டும். இரண்டு மாதமாக அவளால் முடியவில்லை. மூன்றாவது மாதமும் குறைந்தால் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இன்று கடைசித் தேதி. கையில் இருபத்தெட்டுதான் இருக்கிறது.

மீதிப் பன்னிரண்டுக்கு அவள் அலையவில்லை. எதிர்க்குடையை நம்பியிருந்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக் குடை. வேறு கம்பெனி. அதில் இளவரசன்.

இவள் ஒரு மாதம் இலவசம் என்று பலகை எழுதி வைத்தால், அவன் ஒன்றரை மாதம் என்று எழுதுவான். இருவரும் கீரியும் பாம்பும் என்றுதான் இரண்டு கம்பெனியும் நினைத்துக்கொண்டிருந்தது. நினைக்கட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

உள்ளே ஓடிய கதை வேறு. அந்தப் பன்னிரண்டு பெண்களும் மூன்று மாதம் பச்சை, மூன்று மாதம் ஆரஞ்சு. தொண்ணூறு நாள் ஆகாமல் நம்பரை மாற்ற முடியாது என்பது விதி. ஆனதும் மாற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மாறும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். சில வீடுகளில் சீர்வரிசை வைக்கிற அளவுக்குக் கிண்ணம் சேர்ந்துவிட்டது.

இந்த முறை அவர்கள் பச்சைக்கு வர வேண்டும். "மத்தியானத்துக்குள்ள எல்லாரையும் அனுப்பி வுடறேன், நீ டென்ஷன் ஆவாத" என்று இளவரசன் காலையில்கூடச் சொன்னான்.

சொன்னவனின் குடை பதினோரு மணியிலிருந்து ஆளில்லாமல் நிற்கிறது. ஒரு மணிக்கு போன் அடித்தாள். ரிங் போனது. எடுக்கவில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் மீனம்பாள் இறங்கினாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. ஜெயசுதாவுக்கு உயிர் வந்தது.

ஆனால் மீனம்பாள் மேஜையைத் தாண்டி மருந்துக்கடைப் பக்கம் போனாள். ஜெயசுதா ஓடிப்போய் மறித்து போனை வாங்கிப் பார்த்தாள்.

திரையின் மேல் ஓரத்தில் ஆரஞ்சு கம்பெனியின் பெயர் இல்லை. கூட்டு ரோட்டில் போன மாதம் ஏசி போட்டுக் கடை திறந்த ஊதா கம்பெனியின் பெயர் இருந்தது.

"ஆரஞ்சுக் குடைக்காரரு திங்கக்கெழமையே ஊருக்கு வந்து எல்லாருக்கும் மாத்தி வுட்டுட்டாரேம்மா. ஏசிக் கடையில அவருதான் இனிமே மேனேஜராமே. நாங்க ஒண்ணும் சும்மா மாறல, நீயே ஊதாவுக்கு மாறிட்டன்னு சொன்னாரு. அப்பறந்தான் வெரல வெச்சோம்."

நான் எப்போது மாறினேன்? ஜெயசுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனையே கேட்டுவிடலாம் என்று தன் போனை எடுத்தாள்.

சிக்னல் இல்லை.

கோடு ஒன்றுகூட இல்லை. சிம்மைக் கழற்றி மாட்டினாள். ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஒரு மணிக்கு வேலை செய்த சிம் செத்துப்போயிருந்தது.

நம்பர் அடுத்த கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் பழைய சிம் இப்படித்தான் சாகும். இந்த ஊரில் அவளைவிட அது யாருக்குத் தெரியும்?

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். பன்னிரண்டு பேரை ஊதாவுக்குக் கொடுத்து மேனேஜர் நாற்காலியை வாங்கிக்கொண்டான். அந்தப் பன்னிரண்டு பேரை நம்பவைக்கப் பதிமூன்றாவதாக அவளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். பச்சைக் குடைக்காரியே ஊதாவுக்கு ஓடிவிட்டாள் என்பது சூப்பர்வைசரின் லிஸ்டில் இந்நேரம் ஏறியிருக்கும்.

அழுகை வந்தது. மீனம்பாள் முன்னால் அழ மனமில்லை.

ஆனால் நம்பர் தானாகப் போகாது. அவள் போனிலிருந்து மெசேஜ் போக வேண்டும். பதிலுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். மெஷினில் அவள் விரல் வேண்டும்.

இந்த மேஜையில் ஆறு வருஷமாக வந்தவர் போனவருக்கெல்லாம் அவள் சொல்கிற புத்தி அது. எதற்கு என்று கேட்காமல் யார் மெஷினிலும் விரலை வைக்காதீர்கள்.

ரோட்டு முனையில் சூப்பர்வைசரின் பைக் திரும்பியது.

போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அவள் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. இளவரசன் மெஷினை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான்.

"இது சரியா புடிக்குதான்னு பாக்கணும், உன் வெரல குடு."

கையெல்லாம் மீன் என்றாள். அவனே அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தன் லுங்கியில் துடைத்து, மெஷினில் வைத்து அழுத்திக்கொண்டான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் அடுப்படிக்கு வந்து அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.