மணம் போகாத பெட்டி

ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த மூஸ் மான் வேட்டை அனுமதி. கிளிபோட் ஒரு கிழமையாக மனைவி ஜோசப்பினை நிம்மதியாக இருக்க விடவில்லை.

“மூஸ் காத்தில கறி மணத்தைப் பிடிச்சா ஓடிடும். பொரிக்காதை, தாளிக்காதை!”

அவள் பாணும் பட்டருமாகச் சமாளித்தாள். அவன் வேட்டை உடுப்புகளை மணமில்லாத சவர்க்காரத்தில் இரண்டு தரம் தோய்த்து, ரப்பர் விளிம்பு வைத்த பெட்டியில் அடைத்து, கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் கராஜில் வைத்தான். போக வர மூடியை மணந்து பார்த்தான்.

“உதுக்குள்ள மணம் போகாதோ?” ஜோசப்பின் கேட்டாள்.

“உள்ளுக்கும் போகாது, வெளியாலயும் வராது.”

விடியற்காலை, கூட வேலை செய்யும் டேவின் காரில் புறப்பட்டார்கள். ஏழு மணித்தியால ஓட்டம். காட்டோரம் இறங்கியதும், கிளிபோட் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்தான்.

குப்பென்று அடித்தது. ஜாக்கெட்டுக்கு நடுவே சோற்றுப் பார்சல். பொரித்த மீன், மாசிக் கருவாட்டுச் சம்பல். மேலே ஜோசப்பின் எழுதிய துண்டு:

“ஒரு கிழமையாப் பாண்தானே சாப்பிட்டனீங்கள், பாவம். வெள்ளைக்காரன்ர காரில மணந்தா வெக்கம். அதுதான் உங்கட பெட்டிக்குள்ள வச்சனான்.”