திரைக்குள் நீளும் தட்டு

வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் ஒச்சப்பன் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டு, துண்டை மடித்துத் தோளில் இட்டு, நிமிர்ந்து நிற்கிறார். எதிரே விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில், சொம்பின்மேல் சாய்த்து வைத்த கைபேசி. அதற்குள் சிங்கப்பூரிலிருந்து தங்கை தமிழ்வாணி. மகளின் காதுகுத்துப் பத்திரிகையை அவள் போன வாரம் ஊருக்கெல்லாம் போடுவதுபோல வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். "தட்டு வச்சுக் கூப்புடாத வீட்டுக்குத் தாய்மாமன் மடி கெடைக்காது" என்று இவர் அன்றே பதில் அனுப்பிவிட்டார். இப்போது அவள் பட்டுச்சேலை கட்டி, வெற்றிலையும் பழமும் பத்திரிகையும் வைத்த தட்டை இரு கையாலும் ஏந்தி நிற்கிறாள். "அண்ணே, முன்கூட்டி வர லீவு தரமாட்டேங்குறாங்க. நேர்ல வந்ததா நெனச்சுக்கங்க." "கதையெல்லாம் வேணாம். மொறையாக் கூப்புடு." "நீங்களும் மதினியும் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்ணே." தட்டு திரையை நோக்கி நீள்கிறது. அவரும் இரு கைகளையும் நீட்டுகிறார். அந்த நொடியில் படம் அப்படியே உறைந்துபோகிறது. "ஏங்க, நெட்டு போயிருச்சு. கையை எறக்குங்க" என்கிறாள் மனைவி முத்துமீனா. "எறக்குனா தட்டை வேண்டாம்னு சொன்னதா ஆயிரும். நீ பேசாம இரு." திரையின் நடுவே வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் கைகளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டுகிறார்.