ஏழாவது கூடை

மலையடிவாரத்து ஏரிக்கரையில், பிளாஸ்டிக் தட்டை எறிந்து வரிசையாக நட்ட சங்கிலிக் கூடைகளில் விழவைக்கும் ஆட்டத்திடல் இருந்தது. குறி தவறி ஏரிக்குள் விழுந்த தன் தட்டை எடுக்கக் குதித்த தானெல் கரையேறவே இல்லை. பதினொரு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், தட்டின் பின்புறம் அவன் எழுதிவைத்திருந்த வீட்டுத் தொலைபேசி எண்ணுக்குத் திடல்காரி ஹெல்வி அழைத்தாள். தட்டு ஏழாவது கூடையில் கிடந்ததாம்.

தாய் லெய்டா அதை வாங்கி ஏரிக்குள்ளேயே வீசினாள். மறுநாள் அது கூடைக்குத் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து தினமும் வீசினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் போயிட்டான்," என்று கத்தினான் கணவன் ஹெய்னோ.

"போனவன் எப்படிங்க திருப்பி எறிவான்?"

முப்பதாம் நாள், "வீட்டுக்கு வந்துடு கண்ணா" என்று தட்டில் எழுதி வீசினாள்.

காலையில் ஹெல்வி அழைத்தாள். "அக்கா, நீங்க எழுதினதுக்குக் கீழ வேற ஏதோ இருக்கு. தானெல் கையெழுத்து மாதிரியே இருக்குக்கா."

"படி."

"'போதும்மா. கை வலிக்குது.'"

லெய்டா திடலுக்கு ஓடினாள். தட்டு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. ஹெய்னோ வந்து பார்த்தபோது, புல்லில் உட்கார்ந்து அதை உள்ளங்கைகளுக்குள் வைத்து ஊதி ஊதித் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.