வெளிச்சம் புகுந்துவிட்ட படம்

“போன வாரம் எடுத்த பன்னிரண்டு படமும் போச்சா?” என்றான் மூத்த மகன்.

“பின்மூடி லூசு, மச்சான். வெளிச்சம் புகுந்து ஃபிலிம் கெட்டுப்போச்சு.” வீட்டு மாப்பிள்ளை தலை நிமிராமல் லென்ஸைத் துடைத்தான்.

“குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி துடைக்கிறீங்க. படம் ஒண்ணுகூடக் காணோம்,” என்றான் இளையவன்.

மூத்தவன் சிரித்துவிட்டான். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. குடும்பப் படம் வேண்டுமென்று அம்மா கேட்டதால்தான் வந்தார்கள். முதல் ஞாயிறு அம்மாவுக்கு ஆளுக்கொரு பக்கம் விறைத்து நின்றவர்கள், இன்று மாப்பிள்ளையைக் கிண்டலடித்தபடி தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

பெட்டி போன்ற அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்து, மாப்பிள்ளை நிதானமாக க்ளிக் செய்தான்.

“இதாவது வருமா?”

“பார்ப்போம்.”

இருவரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா கேட்டாள்: “இன்னைக்கும் ஃபிலிம் போடலையே?”

“போடலை அத்தை. எவ்வளவு நல்லா நின்னாங்க. என் மானம்தான் போகுது.”

“போனாப் போகட்டும். படம் கைக்கு வந்துட்டா, அடுத்த ஞாயிறு யாரு வருவா?”