நான்கு நியூட்ரான் கூடுதல்

பன்னிரண்டு நாளில் இன்றுதான் அவன் மாடியறைக் கதவைத் தட்டுகிறான்.

இத்தனை நாளும் தட்டை வாசலில் வைத்து, சாப்பாடு என்று குரல் கொடுத்துவிட்டு, விட்டால் போதும் என்று இறங்கிவிடுவான்.

உள்ளே இருப்பது கூடப்பிறந்த அக்கா. தைராய்டு நோய்க்கு ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தனியாக இருப்பவள். உடம்பு தேறும்வரை தம்பி வீடு இருக்கிறதே என்று வந்தாள்.

தம்பி சும்மா ஆளா? வேதியியல் வாத்தியார். வந்த அன்றே ஆறு படி தள்ளி நின்று பாடம் நடத்தினான்.

உப்பில் இருக்கும் அயோடினுக்கும் இதற்கும் அணு எண் ஒன்றுதான், ஐம்பத்து மூன்று. இரண்டிலும் அத்தனை புரோட்டான். நிறை எண்தான் வேறு. அது நூற்று இருபத்தேழு, இது நூற்று முப்பத்தொன்று. அதாவது நியூட்ரான் நான்கு கூடுதல். அந்த நான்கு கூடிப்போனதில் அணுக்கரு தாங்காமல் சிதைந்து கதிரைக் கக்குகிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது. பன்னிரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது.

அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். தம்பிக்குத்தான் எத்தனை அறிவு என்ற பெருமை முகமெல்லாம் அப்பியிருந்தது.

அணு எண், நிறை எண், நியூட்ரான் எல்லாம் அட்சரம் பிசகாத உண்மை. அந்தப் பன்னிரண்டு நாள்தான் பொய். டாக்டர் சொன்னது ஐந்து.

பத்தாம் நாள் பள்ளித் தாளாளர் குடும்பத்தோடு விருந்துக்கு வருவதாக இருந்தார். தலைமையாசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அக்காவோ யார் எவர் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "டேய் மொட்டை" என்பாள். மூக்கைச் சிந்திவிட்ட கதை, இடுப்பில் தூக்கிச் சுமந்த கதை, ஒன்று விடாமல் அவிழ்த்துவிடுவாள். போன தடவை ட்யூஷன் பிள்ளைகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டதில், ஒரு வாரம் கரும்பலகை முழுக்க மொட்டைதான்.

விருந்து அமர்க்களமாக முடிந்தது. வந்த நாளிலிருந்து லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து அன்றைக்குப் பார்த்து ஒரு சத்தமும் இல்லை. நல்லவேளை தூங்கிவிட்டாள் என்று பெருமூச்சு விட்டான்.

சீ, அந்தப் பெருமூச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கதவு திறந்தது. அக்கா இளைத்துப்போயிருந்தாள். பையைக் கட்டி ஓரமாக வைத்திருந்தாள்.

"இன்னையோட கதிரெல்லாம் அடங்கிருச்சுக்கா, கீழ வா."

பாழாய்ப்போன வாய் இப்போதும் உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

அக்கா கிட்டே வந்து அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அஞ்சே நாள்னு ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் சொன்னாங்க, தம்பி. ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன். அன்னைக்கு அந்தப் பெரிய மனுஷர் கேட்டதுக்கு, மாடியில யாருமே இல்லைன்னு சொல்லிட்ட. அப்புறம் நான் எப்படிடா இருமுவேன்?"